ஊரின் பெயர் தாங்கிய அணி

2020 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆந் திகதி இரவு, இலங்கையின் தென்புலத்திலுள்ள அம்பாந்தோட்டை மைதானத்தில் ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டி நடைபெற்றது. அதிலே வென்ற அணி, நாட்டின் வடபுலத்திலுள்ள யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அணித்தலைவர் திசர பெரேரா. ஆட்டநாயகனாகத் தெரிவு செய்யப்பட்டவர் பாகிஸ்தான் வீரர் சொயிப் மலிக். கொரோனாத் தொற்றின் காரணமாக மைதானத்திற்குள் பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. ஆசனங்கள் யாவும் வெறுமையாய்க் கிடந்தன. ஆயினும், அந்த வெற்றியைத் தம் வெற்றியெனக் கொண்டாடிய தமிழர் பலர். யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று, மலையகத்திலும், யாழ்ப்பாணத்தை ஒருகாலும் கண்டறியாத சப்பிரகமுவத் தோட்டங்களிலும் அம்மகிழ்ச்சி பரவியது.

தெஹியோவிட்டவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டத்து லயமொன்றில் வாழும் சிறுவனுக்கு யாழ்ப்பாணம் தொலைவிலுள்ள ஊர். அதற்கும் அவனுக்கும் பேச்சு வழக்கிலும் வாழ்க்கை முறையிலும் வேறுபாடுகள் உண்டு. அவ்வாறிருந்தும் அவன் ஜப்னா அணியைத் தன் அணி என்கிறான். அவன் அவ்வாறு சொல்வதற்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அணி அவனுக்கு எவ்வகையில் உரியது? யாழ்ப்பாணத்தவருக்குத்தான் அது எவ்வகையில் உரியது? ஓர் ஊரின் பெயரைத் தாங்கி ஓர் அணி களத்தில் இறங்கும்போது, ஊர் அந்த அணிக்கு எதைக் கொடுக்கிறது. அணி ஊருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறது? ஜப்னா அணி கண்ட முதல் ஐந்து பருவங்களின் வரலாற்றை நோக்கின், இவ்வினாக்களுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

முதலிலே, இக்காலத்துத் தொழின்முறை அணி எவ்வாறு அமைகிறது என்பதை அறிதல் நன்று. பழைய முறை கழக முறை. கழகம் உறுப்பினரால் ஆவது. அவர்கள் சந்தா செலுத்துவர், மைதானத்தைத் திருத்துவர், நிருவாகிகளைத் தெரிவு செய்வர், தம் பிள்ளைகளையும் அங்கே விளையாட அனுப்புவர். கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1899 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அக்கழகத்தின் வீரர் சதாசிவம், 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிராட்மன் தலைமையில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்ற ஆஸ்திரேலிய அணியைக் கொழும்பில் எதிர்த்து ஆடிய இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். அக்கழகத்தின் மைதானம் பின்னர் சரவணமுத்து மைதானம் எனப் பெயர் பெற்றது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியதும் அங்கேதான். உறுப்பினர் வருவர், போவர். ஆயினும் கழகமும் மைதானமும் நிலைத்து நிற்கும்.

புதிய முறை உரிம முறை. ஆங்கிலத்தில் பிரான்சைஸ் எனப்படுவது இதுவே. இங்கே போட்டித் தொடர் கிரிக்கெட் சபைக்குச் சொந்தம். சபை, ஒவ்வோர் ஊரின் பெயரிலும் அணியொன்றை நடத்தும் உரிமையைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்திற்கோ தனவந்தருக்கோ விற்கிறது. உரிமையைப் பெற்றவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார்; வீரருக்குச் சம்பளம் கொடுக்கிறார்; பயிற்சியாளரை அமர்த்துகிறார். வீரரின் சட்டையிற் பொறிக்கப்படும் விளம்பரங்களிலிருந்தும், ஒளிபரப்பு வருமானத்தின் பங்கிலிருந்தும் தாம் இட்ட முதலை மீட்க முயல்கிறார். வீரர்கள் தெரிவுப் பட்டியல் வழியாகவோ ஏலத்தின் வழியாகவோ அணியிற் சேருகின்றனர். இவ்வாண்டு ஓரணியில் ஆடியவர் அடுத்த ஆண்டு அதன் எதிரணியில் ஆடலாம். அதிலே குற்றமொன்றும் இல்லை. அணிக்கு ஊரோடு உள்ள தொடர்பு, ஒப்பந்தக் கடதாசியில் எழுதப்பட்ட பெயரளவிலான தொடர்பேயாகும். அதற்கு மேற்பட்ட தொடர்பை உண்டாக்குவதும் உண்டாக்காது விடுவதும் அணியை நடத்துவோரைப் பொறுத்தவை.

இம்முறையைப் பெருமளவிற் பரப்பியது இந்தியப் பிரிமியர் லீக் போட்டியாகும். 2008 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எட்டு அணிகளின் உரிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. சென்னை அணியை இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் 9 கோடியே 10 இலட்சம் டொலருக்கு வாங்கியது. கண்டியிலே பிறந்து வளர்ந்த முத்தையா முரளிதரனை அந்த அணி 6 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தபோது, இலங்கையின் மலையகத் தமிழர் பலர் அன்றே சென்னையின் ஆதரவாளராயினர். அந்த முதற் பருவத்தின் இறுதிப் போட்டியில் சென்னை கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றது. பின்னர் 2010, 2011 ஆம் ஆண்டுகளிற் கிண்ணத்தை வென்றது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டு, 2018 இல் மீண்டு வந்து மறுபடியும் வென்றது.

சென்னை அணியை ஊர் தன்னுடையதாக ஏற்றமைக்கு வெற்றி மட்டுமே காரணம் அன்று. அணி தோன்றுவதற்கு முன்னரே அந்நகரில் சேப்பாக்கம் மைதானம் இருந்தது. 1934 ஆம் ஆண்டிலேயே அங்கே டெஸ்ட் போட்டி நடந்திருக்கிறது. ஆண்டுதோறும் கழகங்களுக்கிடையே நடைபெறும் லீக் போட்டிகளும் இருந்தன. அங்கே பயின்ற பத்ரிநாத், பாலாஜி, முரளி விஜய், அஸ்வின் ஆகியோர் வெளிநாட்டு வீரரோடு தோளோடு தோள் நின்று ஆடினர். ஊர்மக்கள் அணியைத் தம் ஊரிலேயே கண்ணாற் கண்டனர். 2018 இல் காவிரி நீர்ப் பிரச்சினையையொட்டிய போராட்டங்களால் சென்னையில் நடக்கவேண்டிய ஆட்டங்கள் பூனா நகருக்கு மாற்றப்பட்டபோது, ஆதரவாளர்கள் புகைவண்டி ஏறி அங்கே சென்றனர். ஓர் அணிக்கும் ஓர் ஊருக்கும் இடையே ஒப்பந்தத்தில் எழுதப்படாத உறவு ஒன்று வளர முடியும் என்பதை இது காட்டுகிறது. அந்த உறவு வளர்வதற்கு நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது.

இலங்கையின் கதை வேறு. 2012 ஆம் ஆண்டில் இலங்கைப் பிரிமியர் லீக் என்ற பெயரில், மாகாணங்களின் பெயரால் ஏழு அணிகள் கொண்ட போட்டி ஒன்று நடைபெற்றது. வடக்கின் பெயரால் உதுர ருத்ராஸ் என்னும் அணி அதிற் பங்குபற்றியது. ஊவா அணி கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டு நடத்தவேண்டிய போட்டி, பணப் பொறுப்புகள் நிறைவேறாமையால் கைவிடப்பட்டது. அணிகள் ஒரே பருவத்தோடு மறைந்தன. அவற்றின் பெயரைக்கூட இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலர். ஒப்பந்தம் முடிந்தால் அணியும் முடிந்தது என்பதற்கு அதுவே முதற் படிப்பினை.

எட்டு ஆண்டுகளின் பின், 2020 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து ஊர்களின் பெயரால் ஐந்து அணிகள். யாழ்ப்பாணத்தின் அணிக்கு ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்று பெயர் சூட்டப்பட்டது; கடல் கடந்து வாழும் தமிழ்த் தொழில் முயற்சியாளர் முன்னின்ற குழுவொன்று அதன் உரிமையைப் பெற்றது. தொற்றுநோய்க் காலமாதலால், 23 ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில் ஒரே மைதானத்திலே நடத்தப்பட்டன. வீரர்கள் விடுதியையும் மைதானத்தையும் அன்றி வேறெங்கும் செல்ல முடியாதவாறு காக்கப்பட்டனர்.

ஜப்னா அணி நவெம்பர் 27 ஆந் திகதி காலி அணியை எதிர்த்துத் தன் முதலாவது ஆட்டத்தை ஆடியது. காலி 175 ஓட்டங்கள் எடுத்தது. ஜப்னா இரண்டே விக்கெட்டுகளை இழந்து அந்த இலக்கை எட்டியது; அவிஷ்க பெர்னாண்டோ ஆட்டமிழக்காமல் 92 ஓட்டங்கள் குவித்தார். சில நாட்களின் பின் தம்புள்ளைக்கு எதிராகத் திசர பெரேரா 44 பந்துகளில் 97 ஓட்டங்கள் அடித்து, ஆட்டமிழக்காமல் நின்றார். இடையிலே தோல்விகளும் நேர்ந்தன. ஆரம்பச் சுற்றின் முடிவில் அணி மூன்றாம் இடத்திலேயே இருந்தது. ஆனால் அரையிறுதியில் தம்புள்ளையை வென்று, இறுதிப் போட்டியில் மறுபடியும் காலியைச் சந்தித்தது. ஜப்னா 6 விக்கெட்டுகளை இழந்து 188 ஓட்டங்களைப் பெற, காலி 135 ஓட்டங்களோடு நின்றது. 53 ஓட்டங்களால் ஜப்னாவுக்கு வெற்றி. 17 விக்கெட்டுகளை வீழ்த்திய வனிந்து ஹசரங்க தொடரின் சிறந்த வீரரானார்.

அந்த முதற் பருவத்திலே நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சி, கிண்ணத்தினும் பெறுமதி வாய்ந்தது எனலாம். அணியிலே வடபுலத்து இளைஞர் சிலரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த். மணிக்கட்டாற் பந்தைச் சுழற்றும் பந்து வீச்சாளர். டிசெம்பர் 4 ஆந் திகதி கொழும்பு அணிக்கு எதிராக அவர் களமிறங்கியபோது அவருக்கு வயது 19 நிறைந்திருக்கவில்லை. அன்று அவர் வீழ்த்திய முதலாவது விக்கெட்டு, இலங்கை அணியின் முன்னாள் தலைவர் ஏஞ்சலோ மத்தியூசினுடையது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியில், யாழ்ப்பாணத்திலே பிறந்து யாழ்ப்பாணத்திலே பயின்ற ஒருவர் அன்றுதான் பந்து வீசினார். அதுவரை வெறும் பெயராயிருந்த தொடர்பு அன்று உயிர் பெற்றது.

2021 ஆம் ஆண்டில் உரிமை கைமாறியது. லைக்கா குழுமம் அணியை ஏற்று, ஜப்னா கிங்ஸ் எனப் பெயரை மாற்றியது. திசர பெரேரா தலைவராகத் தொடர்ந்தார். அவ்வாண்டு இறுதிக்குச் செல்லும் முதலாவது வாய்ப்பில் ஜப்னா காலியிடம் தோற்றது. இரண்டாவது வாய்ப்பில் அவிஷ்க பெர்னாண்டோ சதம் அடித்துத் தம்புள்ளையை வீழ்த்தத் துணைநின்றார். டிசெம்பர் 23 ஆந் திகதி இறுதிப் போட்டியில் ஜப்னா 201 ஓட்டங்களை 3 விக்கெட்டுகளுக்குக் குவித்து, காலியை 23 ஓட்டங்களால் வென்றது. 2022 இன் இறுதிப் போட்டி கொழும்பிலே, கொழும்பு அணிக்கு எதிராக நடைபெற்றது. 164 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், 8 விக்கெட்டுகளை இழந்து, கடைசி ஓவரில் ஜப்னா வென்றது. அடுத்தடுத்து மூன்று பருவங்களிலும் கிண்ணம் ஒரே அணிக்குச் சென்றது.

இவ்வெற்றிகளுக்குக் காரணம் யாது? உரிம அணிகள் பெரும்பாலும் ஆண்டுக்கொரு தலைவரையும் ஆண்டுக்கொரு கூட்டத்தையும் கொண்டு ஆடுவன. ஜப்னா அணியில் உரிமையாளர் மாறியபோதும் தலைவர் மாறவில்லை. அவிஷ்க பெர்னாண்டோ போன்ற சிலர் தொடர்ந்து இருந்தனர். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணியின் துடுப்பாட்டம் 120 பந்துகளில் முடிந்துவிடுவது. அதிலே சிந்திப்பதற்கு நேரமில்லை. எந்தப் பந்து வீச்சாளரை எந்த ஓவரில் அழைப்பது, யாரை எப்போது துடுப்பெடுத்தாட அனுப்புவது என்பன, ஒருவரையொருவர் நன்கறிந்த கூட்டத்திற்கு எளிதில் கைவரும். ஆதலால், மிகுந்த விலை கொடுத்து வாங்கியவரைக் காட்டிலும் நெடுநாள் சேர்ந்து ஆடியவரே அணிக்குப் பயன்பட்டனர்.

அடுத்த பருவம் இதற்கு மறுபுறத்தைக் காட்டியது. 2023 ஆம் ஆண்டில் முதன்முறையாக வீரர்கள் ஏலத்தின் வழியாகத் தெரிவு செய்யப்பட்டனர். வேகப்பந்து வீச்சாளர் டில்ஷான் மதுஷங்கவை ஜப்னா அணி 92,000 டொலருக்கு எடுத்தது. அந்த ஏலத்தில் அதுவே மிகக் கூடிய விலை. ஆயினும் அவ்வாண்டு அணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. வெளியேற்றுச் சுற்றில் அதனைத் தோற்கடித்தது கண்டி அணி. அந்த ஆட்டத்தில் 9 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் வேறு யாருமல்லர். முதற் பருவத்திலே ஜப்னாவுக்குக் கிண்ணம் பெற்றுக்கொடுத்த வனிந்து ஹசரங்கவே. மூன்றாண்டுகளுக்கு முன் எந்தக் கைகளுக்காக ஆதரவாளர் ஆரவாரித்தனரோ, அந்தக் கைகளே இம்முறை அணியை வீழ்த்தின. கழக முறையிலே இஃது அரிது. உரிம முறையிலே இயல்பு. வீரர் மீது அன்பு வைத்தவர் கண்டியின் பக்கம் செல்லவேண்டும்; ஊர்ப் பெயர் மீது அன்பு வைத்தவர் ஜப்னாவின் பக்கம் நிற்கவேண்டும்.

2024 இல் சரித் அசலங்க தலைவரானார். இறுதிக்குச் செல்லும் கடைசி வாய்ப்பில் கண்டி அணியை ஒரே ஓட்டத்தால் வென்ற ஜப்னா, யூலை 21 ஆந் திகதி கொழும்பில் காலியை மூன்றாவது முறையாக இறுதிப் போட்டியிற் சந்தித்தது. காலி பெற்ற 184 ஓட்டங்களை, ஒரே விக்கெட்டை இழந்து, 15.4 ஓவர்களில் ஜப்னா கடந்தது. தென்னாபிரிக்க வீரர் ரைலி ரூசோ 106 ஓட்டங்களும் குசல் மெண்டிஸ் 72 ஓட்டங்களும் எடுத்து, இருவரும் ஆட்டமிழக்காமல் நின்றனர். ஐந்து பருவங்களில் நான்கு கிண்ணங்கள்! இலங்கையின் வேறெந்த அணியும் அதற்கு அண்மையில் வரவில்லை.

இவ்வளவு சிறப்புற்ற அணியின் உரிமை, 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இரத்துச் செய்யப்பட்டது. ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை என்பதே கிரிக்கெட் சபை கூறிய காரணம். கொழும்பு அணியின் உரிமையும் அவ்வாறே முடிவுற்றது. அவ்வாண்டு இறுதியில் நடக்கவேண்டிய போட்டித் தொடரும் ஒத்திவைக்கப்பட்டது. நான்கு கிண்ணங்கள் இருந்தும் ஒப்பந்தம் முறிந்தபோது அவை அணிக்குக் காப்பாகவில்லை.

இந்நிலை ஜப்னாவுக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாண்டுகளில் தம்புள்ளையின் அணி வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, சிக்சர்ஸ் என நான்கு பெயர் பூண்டது. கொழும்பு முதலில் கிங்ஸ், பின் ஸ்டார்ஸ், அதன்பின் ஸ்ட்ரைக்கர்ஸ். காலி முதலில் கிளாடியேட்டர்ஸ், பின்னர் டைட்டன்ஸ், அதன்பின் மார்வெல்ஸ். கண்டியின் பெயரும் பலமுறை மாறியது. உரிமையாளர் மாறும்போதெல்லாம் பின்னொட்டு மாறியது. முன்னே நின்ற ஊரின் பெயர் மாத்திரம் மாறவில்லை. இதைக் கூர்ந்து நோக்கின் உண்மை விளங்கும். உரிமையாளர் கொண்டுவருவது பணம். வீரர் கொண்டுவருவது திறமை. ஊர் கொண்டுவருவது தன் பெயரை. அந்தப் பெயரோடு ஊர்மக்களின் பற்றும் வருகிறது. பணத்திற்கு இலாபமும் திறமைக்குச் சம்பளமும் கணக்கிடப்படுகின்றன. ஊரின் பெயருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதை எந்தக் கணக்கேட்டிலும் காணோம்.

ஊரின் பெயர் கடனாகப் பெறப்பட்டது எனக் கொண்டால், அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுதல் வேண்டும்? மூன்று வழிகளைக் கூறலாம். அணி அந்த ஊரிலே ஆடவேண்டும். அந்த ஊரின் இளைஞருக்கு இடந்தரவேண்டும். அணி இல்லாது போனாலும் எஞ்சி நிற்கும் ஏதேனும் ஒன்றை அங்கே விட்டுச் செல்லவேண்டும்.

முதலாவது வழியில் ஜப்னா அணியின் கடன் தீரவில்லை. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து பருவங்களில் அது அம்பாந்தோட்டையில் ஆடியது, கொழும்பில் ஆடியது, பல்லேகலையில் ஆடியது, தம்புள்ளையில் ஆடியது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. அணியை மட்டும் இதற்குக் குறை கூறுதல் நேர்மையன்று. இரவு விளக்கும் ஒளிபரப்பு வசதியும் கொண்ட மைதானம் அங்கே இருக்கவில்லை. பல ஆண்டுகள் போரிலே அழிந்த நிலம் அது. மண்டைதீவிலே சர்வதேசத் தரமுள்ள மைதானம் ஒன்றுக்கு 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆந் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். ஆக, அணி தோன்றிய ஐந்தாம் ஆண்டிலே, அணியின் உரிமை முடிந்த பின்னரே, மைதானத்தின் முதற் கல் வைக்கப்பட்டது. சென்னையில் மைதானம் முந்தியது, அணி பிந்தியது. யாழ்ப்பாணத்தில் அணி முந்தியது, மைதானம் பிந்தியது.

இரண்டாவது வழியில் கடனின் ஒரு பகுதி தீர்ந்தது. வியாஸ்காந்த் அதற்குச் சான்று. ஜப்னா அணியிலே ஆடியதன் வாயிலாக அவர் திறமை வெளியுலகுக்குத் தெரிந்தது. வங்காளதேசத்து அணியொன்றும் ஐக்கிய அரபு இராச்சியத்து அணியொன்றும் அவரை அழைத்தன. 2023 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இலங்கைக்காக ஆடினார். 2024 ஆம் ஆண்டு இந்தியப் பிரிமியர் லீக் போட்டியில், காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவ்வணியின் பயிற்சியாளருள் ஒருவர் முத்தையா முரளிதரன். வடக்கின் இளைஞரும் மலைநாட்டின் மூத்தவரும் ஓரணியிலே சந்தித்த காட்சி அது. ஆயினும் ஒருவர் முன்னேறினார் என்பதைக் கொண்டு, வழி திறந்துவிட்டது என்று முடிவு செய்தல் கூடாது. வடபுலத்திலிருந்து அணியிற் சேர்க்கப்பட்ட இளைஞருட் பெரும்பாலோர் மைதானத்தின் ஓரத்து ஆசனத்திலிருந்தே பருவத்தைக் கழித்தனர்.

வியாஸ்காந்தை உருவாக்கியது உரிம அணி அன்று என்பதையும் மறத்தலாகாது. அவர் பயின்ற மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் வடக்கின் பெருஞ்சமர் என்னும் கிரிக்கெட் போட்டியை ஆடி வருகின்றன. அந்தப் போட்டிக்கு விலை கொடுத்து வாங்கிய வீரர் இல்லை; உரிமையாளர் இல்லை. பாடசாலை மணி அடித்தபின் பந்தைக் கையிற் கொடுத்த ஆசிரியரும், வெயிலில் நின்று பார்த்த பழைய மாணவரும் அதை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்தனர். முரளிதரன் கதையும் இத்தகையதே. கட்டுகாஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் அவருடைய பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பினார். அந்த ஓர் ஆலோசனை, 2010 ஆம் ஆண்டு யூலையில் காலி மைதானத்தில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டாகக் கனிந்தது. பழத்தை விலைக்கு வாங்கலாம். மரத்தை யாரேனும் நட்டிருக்கவேண்டும்.

சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளுக்கு இதிலே ஒரு செய்தி உண்டு. லங்கா பிரிமியர் லீக்கில் ஒன்பது மாகாணங்களுள் நான்கின் ஊர்களுக்கே அணிகள் இருந்தன; சப்பிரகமுவ, ஊவா, கிழக்கு, வடமேல், வடமத்தி ஆகிய ஐந்துக்கும் இல்லை. தெஹியோவிட்டச் சிறுவன் ஜப்னாவைத் தன் அணியென்று கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் மென்பந்து. கொழுந்து மடுவத்தின் அருகே கிடைத்த சமதரையே அவர்களின் மைதானம். அவர்கள் கண்பார்வைக் கூர்மையிலோ, கைவேகத்திலோ குறைந்தவரல்லர். கடினப் பந்துக்கு வேண்டிய காலுறைகளும், கையுறைகளும், ஒழுங்கான ஆடுகளமும், வாரம் இரண்டு நாளேனும் வந்துபோகும் பயிற்சியாளரும் இல்லாமையே குறை. இவற்றைப் பெறுவதற்கு டொலர்க் கணக்கிலே ஏலம் கூறவேண்டியதில்லை. பாடசாலையும், தோட்ட நிருவாகமும், பிரதேச சபையும், பழைய மாணவரும் ஒன்றுபட்டால் ஓர் ஆடுகளம் உருவாகும். ஓர் ஆடுகளம் உருவானால் ஒரு பருவத்தின் பின் ஒழிந்துபோகாது.

உரிம அணிகள் வேண்டாதவை என்பது இதன் கருத்தன்று. அவை வந்தமையால் கிரிக்கெட்டைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இளைஞருக்குக் கிடைத்தது. உலகத்துச் சிறந்த வீரரோடு ஒரே அறையிலிருந்து பயிலும் பேறும் கிடைத்தது. 30 ஆண்டுகள் போராற் பிளவுண்ட நாட்டிலே, ஜப்னா என்று பொறித்த சட்டையைச் சிங்கள வீரர் பலர் அணிந்து ஆடியதும், அதைத் தெற்கிலும் வடக்கிலும் பலர் ஆர்வத்தோடு பார்த்ததும் சிறிய காரியமல்ல. அந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் பயன் நிலைக்கவேண்டுமாயின், அணி ஒன்று தம் ஊரின் பெயரைக் கேட்டு வரும்போது ஊரார் சில வினாக்களைத் தொடுக்கப் பழகவேண்டும். எத்தனை ஆட்டங்கள் இங்கே நடக்கும்? எத்தனை இளைஞர் பதினொருவருள் இடம்பெறுவர்? எந்தப் பாடசாலைக்கு எந்த ஆடுகளம் கிடைக்கும்? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளும் ஒப்பந்தத்தில் எழுதப்படுதல் வேண்டும்.

ஜப்னாவின் பெயரால் மறுபடியும் அணிகள் தோன்றலாம். அவற்றின் பின்னொட்டு எதுவாயினும் ஆகலாம். ஆதரவாளர் மறுபடியும் ஆரவாரிப்பர், அது நன்றே. அந்த ஆரவாரத்தைப் பெறுமளவுக்கு அணி தகுதியுடையதா என்பதை அளக்கும் கோல் கிண்ணங்களின் எண்ணிக்கை மட்டும் அன்று. மண்டைதீவின் மைதானத்தில் முதற் பந்து வீசப்படும் நாளில், அதை வீசுபவரும், அதை அடிப்பவரும், அவர்களைப் பார்த்து நாளை தானும் அங்கே நிற்கலாமென்று நம்பும் சிறுவனும் அந்த மண்ணிலிருந்தே வந்திருப்பாராயின், அன்று கடன் தீர்ந்ததாகக் கொள்ளலாம். அதுவரை, ஊரின் பெயர் கொடுத்தவரின் கணக்கில் நிலுவை நின்றுகொண்டேயிருக்கும்.